பரங்கிமலைப் பையன் கல்லூரிக்குப் போன கதை

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த பிறகு சென்னைக் கல்லூரி வாசல்களில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். கிராமத்திலிருந்து முதல் பேருந்தைப் பிடித்து வந்த அப்பா, கையில் மஞ்சள் பை. பைக்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ். பக்கத்தில் மகன். காவலாளியிடம் என்ன கேட்பது, எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று தெரியாமல் இருவரும் மரத்தடியில் நிற்பார்கள். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அந்தப் பையனுடையதாக இருக்கும்.

அப்படி ஒரு மாணவரோடு நாமும் இந்த ஆண்டு போனோம். மதுராந்தகம் பக்கத்துக் காலனிப் பையன். நகரின் நடுவில் இருக்கும் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது அவர் ஆசை. கல்லூரியைப் பார்த்தோம், விண்ணப்பம் பற்றி விசாரித்தோம். இடம் கிடைத்தால் எங்கே தங்குவது என்ற கேள்வி வந்தது. சைதாப்பேட்டையில் ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான அரசு விடுதி இருக்கிறதே, எம்.சி. ராஜா விடுதி, அதில் கேட்டுப் பார்க்கலாம் என்றோம். எம்.சி. ராஜா யார் என்று பையன் கேட்டார். அப்பாவுக்கும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கான நம் பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதி அது. ஆனால் பலருக்கு அது கட்டடத்தின் பெயர்தான், மனிதரின் பெயர் அல்ல.

அந்த மனிதரும் ஒரு நாள் நம் பையனைப் போலவே கிறிஸ்தவக் கல்லூரியின் வாசலில் போய் நின்றவர்தான். அவர் கதையை இந்த வாரம் சொல்கிறோம்.

எம்.சி. என்ற இரண்டு எழுத்துக்கு மைலை சின்னத்தம்பி என்று விரிவு. மைலை என்றால் மயிலாப்பூர். அப்பா பெயர் சின்னத்தம்பிப் பிள்ளை. மயிலையின் பெயரைத் தாங்கிய அந்தக் குடும்பம் வாழ்ந்த இடம் பரங்கிமலை. அங்கேதான் 1883 ஜூன் 17 அன்று ராஜா பிறந்தார். பரங்கிமலை அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ராணுவக் குடியிருப்பு. வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த இடங்களில் நம் மக்களுக்குச் சில வேலைகள் கிடைத்தன. பண்ணையாரின் களத்துமேட்டை விட்டு வெளியே வர அது ஒரு வழி. சின்னத்தம்பி லாரன்ஸ் அசைலம் என்ற நிறுவனத்தில் மேலாளராக வேலை பார்த்தவர் என்று சொல்லப்படுகிறது. வசதியான குடும்பம் அல்ல. ஆனால் எழுத்தின் மதிப்பு அந்த வீட்டுக்குத் தெரிந்திருந்தது.

ராஜா வளர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கையை அரசு ஆராய்ந்தது. நிலமும் இல்லாமல், குடியிருக்கும் இடத்துக்கு உரிமையும் இல்லாமல், கடனுக்குக் கட்டுப்பட்டுப் பண்ணையில் கிடந்தவர்களைப் பற்றிய அறிக்கை அது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் போராடிக்கொண்டிருக்கிறோமே, அது அந்த அறிக்கையிலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டு, 1893-இல், பஞ்சமர் கல்விக்கென்று அரசு தனி ஆணை போட்டது. பள்ளி நடத்துவோருக்கு மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு உதவித்தொகை என்று சில சலுகைகள் வந்தன. 1894-இல் அடையாறில் கர்னல் ஆல்காட் பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். இப்போது பெசன்ட் நகரில் ஆல்காட் நினைவுப் பள்ளியாக இருப்பது அதன் தொடர்ச்சிதான்.

இத்தனையும் நடந்தது ஏன்? ஊர்ப் பொதுப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள் என்பதால்தான். பள்ளிக்கூடம் அக்கிரகாரத்தில் இருக்கும், அல்லது கோயில் மண்டபத்தில் இருக்கும். சட்டம் தடுக்காது, தெரு தடுக்கும். அந்தத் தெருவுக்குள் நம் பிள்ளை கால் வைக்க முடியாது. ஆகவே படிப்பு வேண்டுமென்றால் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று நமக்கென்று தனிப் பள்ளி. இன்னொன்று மிஷன் பள்ளி.

ராஜா போனது மிஷன் பள்ளிக்கு. ராயப்பேட்டை வெஸ்லி மிஷன் பள்ளி. பரங்கிமலையிலிருந்து ராயப்பேட்டைக்கு ஏழெட்டு மைல் இருக்கும். அந்த ராயப்பேட்டை சாதாரண இடம் அல்ல. அயோத்திதாசப் பண்டிதர் இருந்த பகுதி அது. 1907-இல் அவர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியதும் அங்கிருந்துதான். நம் மக்கள் எழுதவும் அச்சிடவும் கூடிப் பேசவும் தொடங்கிய அந்த வட்டாரத்தில்தான் ராஜாவின் பள்ளிப் படிப்பு நடந்தது.

பள்ளிக்குப் பிறகு கல்லூரி. அந்தக் காலத்தில் மெட்ரிகுலேஷன் தேறி, இரண்டு ஆண்டு எஃப்.ஏ. படித்து, பிறகு பி.ஏ. படிக்க வேண்டும். சென்னையில் பெரிய கல்லூரி என்றால் கடற்கரையில் அரசின் மாநிலக் கல்லூரி, ஜார்ஜ் டவுனில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-இல்தான். ராஜா காலத்தில் அது எஸ்பிளனேடில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது. பரங்கிமலைப் பையன் அந்த வாசலில் போய் நின்ற நாள் எப்படி இருந்திருக்கும்? ஒரு பக்கம் நீதிமன்றத்தின் சிவந்த கோபுரங்கள், இன்னொரு பக்கம் ஸ்காட்லாந்து மிஷனின் கல்லூரி. நம் மதுராந்தகம் பையன் மரத்தடியில் நின்றதை நினைத்தால் நமக்குக் கொஞ்சம் புரிகிறது.

அந்தக் கல்லூரிக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அதை நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற பாதிரியார் அர்மேனியன் தெருவில் ஒரு பள்ளியாக அதைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஒரு பிரச்சினை வந்தது. நம் பிள்ளைகள் சிலர் நெற்றியில் மேல்சாதிக் குறியிட்டுக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டார்கள். அது தெரிந்ததும் சாதி மாணவர்களின் வீட்டார் கொதித்தார்கள். அந்தப் பையன்களை வெளியே அனுப்பச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்துவிட்டார். பல மாணவர்கள் பள்ளியை விட்டுப் போனார்கள். பள்ளியே ஆடியது, ஆனாலும் அவர் முடிவை மாற்றவில்லை.

படிப்பதற்காக நெற்றியில் பொய்க்குறி இட வேண்டியிருந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களின் பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ராஜா அந்தக் கல்லூரியின் படியில் எந்தக் குறியும் இடாமல் ஏறினார் என்றால், அந்தப் பெயர் தெரியாத சிறுவர்களும் அதற்கு ஒரு காரணம்.

அதற்காக அந்தக் கல்லூரியைச் சொர்க்கம் என்று நாம் சொல்ல மாட்டோம். ராஜா படித்த காலத்தை ஒட்டி நெடுங்காலம் முதல்வராக இருந்தவர் வில்லியம் மில்லர். பெரிய கல்வியாளர். ஆனால் மேல்சாதி இளைஞர்களுக்கு உயர்கல்வி கொடுத்தால் அவர்கள் வழியாக நல்ல கருத்துகள் கீழே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. எனவே வகுப்பறைகள் பெரும்பாலும் பிராமண, சாதி இந்து மாணவர்களால் நிறைந்திருந்தன. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததும் அங்கேதான். கதவு எல்லாருக்கும் திறந்திருந்தது. ஆனால் கதவு வரைக்கும் வந்து சேரும் வழி நம் பிள்ளைகளில் ஒருவர் இருவருக்குத்தான் இருந்தது. மேலிருந்து ஊற்றினால் கீழே சொட்டும் என்று காத்திருந்தவர்கள் பலர். ராஜா காத்திருக்கவில்லை. நேரே போய்க் கேட்டார், படித்தார், பட்டம் பெற்றார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிஷன் பள்ளியிலும் மிஷன் கல்லூரியிலும் படித்த ராஜா மதம் மாறவில்லை. கடைசி வரை இந்துவாகவே தன்னைச் சொல்லிக்கொண்டார். படிப்பைக் கொடுத்தவர்களுக்கு நன்றி உண்டு, ஆனால் படிப்பு என்பது மதத்துக்குக் கொடுக்கும் விலை அல்ல என்பது அவர் வாழ்ந்து காட்டிய நிலை. மதம் மாறிய நம் உறவுகளை அவர் வழியைக் காட்டிக் குறை சொல்வதும் சரியல்ல. மானத்தோடு வாழ ஆளுக்கு ஒரு வழி தேடினார்கள், அவ்வளவுதான்.

பட்டம் வாங்கிய ராஜா என்ன செய்தார்? தான் படித்த வெஸ்லிக்கே திரும்பிப் போய் ஆசிரியரானார். பாடநூல்கள் எழுதினார். சின்னக் குழந்தைகள் ஆடிப்பாடும் பாட்டுகளைத் தொகுத்த 'கிண்டர்கார்டன் ரூம்' என்ற நூலை ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து கொண்டுவந்தார். நம் வீடுகளில் குழந்தையை மடியில் வைத்து ஆட்டிப் பாடுகிறோமே, அந்த மாதிரிப் பாட்டுகளை அச்சில் ஏற்றியவர்களில் ஒருவர் பரங்கிமலை ராஜா என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆசிரியராக இருந்தபடியே பொதுவாழ்வுக்கு வந்தார். 1916-இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளரானார். 1920-இல் மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்தப்படி அமைந்த சென்னை மாகாண சட்ட மேலவைக்கு உறுப்பினராகப் போனார். அந்த அவையில் உட்கார்ந்த ஒடுக்கப்பட்டோரின் முதல் பிரதிநிதிகளில் அவர் ஒருவர். அங்கே அவர் எடுத்த ஒரு காரியம் இன்று வரைக்கும் நம் சான்றிதழில் இருக்கிறது. பறையர், பஞ்சமர் என்ற சொற்களை அரசு எழுத்தில் நிறுத்திவிட்டு, தமிழ் மக்களுக்கு ஆதிதிராவிடர் என்றும் தெலுங்கு மக்களுக்கு ஆதிஆந்திரர் என்றும் எழுத வேண்டும் என்று அவையில் தீர்மானம் கொண்டுவந்தார். 1922 மார்ச்சில் அரசு ஆணை வந்தது. தாலுகா அலுவலகத்தில் வாங்கும் சாதிச் சான்றிதழில் ஆதிதிராவிடர் என்று இருந்தால், அந்தச் சொல்லுக்குப் பின்னால் ராஜாவும் அவருக்கு முன் அந்தப் பெயருக்காகக் குரல் கொடுத்த பலரும் நிற்கிறார்கள்.

அவர் நீதிக்கட்சியோடு இருந்தவர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தவர் அல்ல. 1921-இல் பக்கிங்காம் கர்நாட்டிக் மில் வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன. கட்சித் தலைவர்கள் பழியை நம் மக்கள் மேலேயே போட்டபோது ராஜா எதிர்த்து நின்றார். 1923-இல் கட்சியை விட்டு வெளியே வந்தார். பிராமணர் அல்லாதார் என்ற பொதுப்பெயருக்குள் நம் மக்களின் தனித் துன்பம் மறைந்து போகக் கூடாது என்பது அவர் கவலை. நூறு ஆண்டு கழித்தும் அந்தக் கவலை பழையதாகவில்லை.

1924-இல் பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொது இடம் எல்லாவற்றிலும் நம் மக்களுக்கு உரிமை உண்டு என்று ரெட்டைமலை சீனிவாசன் மேலவையில் தீர்மானம் நிறைவேற்றினார். 1925-இல் ராஜா 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். நம் மக்களின் நிலையை நம்மவரே ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன முன்னோடி நூல் அது. கல்லூரியில் கற்ற ஆங்கிலத்தை அவர் உத்தியோகத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. 1927 முதல் 1937 வரை டெல்லியில் மத்திய சட்டமன்றத்தில் இருந்தார்.

ராஜாவின் வாழ்க்கையில் நம்மில் பலருக்கு உடன்பாடில்லாத ஒரு பகுதி உண்டு. அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்வது சரியல்ல. வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரும் ரெட்டைமலை சீனிவாசனும் தனித்தொகுதி கேட்டார்கள். நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். ராஜா 1932-இல் இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார். பொதுத்தொகுதியிலேயே இடஒதுக்கீடு போதும் என்றார். அதே ஆண்டு செப்டம்பரில் காந்தியின் உண்ணாவிரதம், பூனா ஒப்பந்தம். தனித்தொகுதி போனது. சென்னை மாகாணத்தில் நமக்கான இடங்கள் 18-லிருந்து 30 ஆயின. எண்ணிக்கை கூடியது. ஆனால் அந்த 30 பேரும் யாருடைய வாக்கில் வெற்றி பெறுவார்கள், யாருக்குக் கட்டுப்படுவார்கள் என்ற கேள்வி நின்றது.

பதில் ராஜாவுக்கே கிடைத்தது. 1937-இல் சில மாதங்கள் மட்டும் இருந்த இடைக்கால அமைச்சரவையில் அவர் அமைச்சராக இருந்தார். பிறகு ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்தது. 1938-இல் ராஜா கோயில் நுழைவு மசோதா ஒன்றைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். திரும்பப் பெறும்படி ராஜாஜி கேட்டார். ராஜா மறுத்தார். மசோதா தோற்றது. அதைத் தோற்கடிக்க வாக்களித்தவர்களில் காங்கிரஸில் இருந்த நம் உறுப்பினர்களும் உண்டு. கட்சிக் கட்டுப்பாடு. காந்திக்குக் கடிதம் எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்பும்படி பதில் வந்தது. எந்த ஏற்பாட்டை நம்பி அவர் அண்ணலை விட்டு விலகி நின்றாரோ, அந்த ஏற்பாடு அவர் கண் முன்னாலேயே கைவிட்டது.

ஒரு மனிதரின் பெருமை தப்பே செய்யாததில் மட்டும் இல்லை. கண்டதைக் கண்ட பிறகு திரும்பி வருவதிலும் இருக்கிறது. 1942-இல் கிரிப்ஸ் தூதுக்குழு இந்தியா வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போய்ச் சந்தித்தார்கள். நம் மக்களுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டும் என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அடுத்த ஆண்டு, 1943 ஆகஸ்டில், ராஜா மறைந்தார். அறுபது வயதுதான். எல்லாருக்கும் கோயில் திறக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் முழுமையாக வந்தது 1947-இல். அதை அவர் பார்க்கவில்லை.

இந்தக் கதையை நாம் அந்தப் பையனுக்கும் அவர் அப்பாவுக்கும் ராயப்பேட்டைப் பக்கம் நடந்துகொண்டே சொன்னோம். அப்பா ஒன்றைக் கேட்டார். கிறிஸ்தவக் கல்லூரியில் நம் பிள்ளைக்கு இடம் கொடுப்பார்களா, இல்லை அவர்கள் மதத்துக்காரர்களுக்குத்தானா என்று. நியாயமான கேள்வி. வாசகர்களுக்காகவும் பதிலைச் சொல்கிறோம்.

எல்லாச் சாதி, எல்லா மத மாணவரும் விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள். ஆனால் 2005-இல் வந்த 93-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தனியார் கல்வி நிறுவனங்களில் இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தபோது சிறுபான்மை நிறுவனங்களுக்கு விலக்கு கொடுத்தது. ஆகவே அரசுக் கல்லூரியில் உரிமையாகக் கிடைக்கும் ஒதுக்கீடு அங்கே அதே முறையில் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். அந்தந்தக் கல்லூரியின் சேர்க்கை விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா என்று கேளுங்கள். கட்டணம் இரண்டுக்கும் வேறு. பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். கிறிஸ்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் நம் மாநிலத்தில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் எந்தச் சலுகை தங்களுக்கு உண்டு என்பதை ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது. அந்தத் துறையே ராஜா காலத்தில் நம் மக்களுக்கென்று உருவான தொழிலாளர் ஆணையர் துறையிலிருந்து வளர்ந்ததுதான்.

நம்மை நல்லெண்ணத்தோடு உள்ளே விடுகிறவர்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி ஒரு சமூகம் படித்துவிட முடியாது. ஆண்டர்சன் நல்ல மனிதராக இருந்தார், அதனால் சில சிறுவர்கள் படித்தார்கள். அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால்? இதனால்தான் ராஜா கல்லூரி வாசலோடு நிற்காமல் சட்டமன்ற வாசலுக்கும் போனார். ஒருவரின் கருணையில் கிடைத்ததை எல்லாருக்கும் உரிமையாக்க வேண்டும் என்று பார்த்தார்.

மாலையில் சைதாப்பேட்டை வழியாகத் திரும்பினோம். விடுதி வாசலில் அந்தப் பையன் கொஞ்ச நேரம் நின்று பெயர்ப் பலகையைப் படித்தார். எம்., சி. இரண்டு எழுத்தையும் அப்பாவுக்கு விரித்துச் சொன்னார். மைலை சின்னத்தம்பி. அப்பா மஞ்சள் பையை மகன் கையில் கொடுத்தார். இனிமேல் சான்றிதழ்களை நீயே வைத்துக்கொள் என்பது போல இருந்தது.